மதினியின் வலது கை

விருதுநகரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி அறைக்கு மணிக்கட்டு வலி என்று யார் வந்தாலும் டாக்டரம்மா முதலில் ஒரே கேள்விதான் கேட்பார். "சுண்டுவிரலும் மரத்துப்போகுதா, இல்ல அதை விட்டுட்டு மத்த விரல் மட்டுமா?" வந்தவர்கள் விழிப்பார்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று வந்தால் சுண்டுவிரலை விசாரிக்கிறாரே என்று என்னைப் பார்ப்பார்கள். நான் ஒத்தடப் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவேன். படுக்கை விரிப்பை மாற்றுவது, ஒத்தடப் பையைச் சூடாக்குவது, வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைப்பது, இவ்வளவுதான் அங்கே என் வேலை. ஆனால் அந்தக் கேள்வி எதற்காக என்று எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். சுண்டுவிரல் மட்டும் தப்பித்து, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போன ஒரு கையை இரண்டு மாதம் எதிரில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். அந்தக் கை தவறினால் அன்றைக்கு நானும் இருக்க மாட்டேன்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். பெயர் வேண்டாம். ஊரில் யாரோ ஒருத்திக்கு அவர் அண்ணன் பெண்டாட்டி, முறைப்படி மதினி. அவள் கூப்பிட்டதைக் கேட்டு கம்பெனி வேனில் வருகிற அத்தனை பேருக்கும் மதினி ஆகிவிட்டார். அவரை விடப் பத்து வயது மூத்த போர்மேன் அண்ணாச்சிகூட மதினி என்றுதான் சொல்வார்.

விஸ்வநத்தத்தைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது எங்கள் பட்டாசுக் கம்பெனி. அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒன்று வெடித்தாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்ற கணக்கு. அதில் வெடிமருந்து செலுத்துகிற அறைக்கு மருந்து ரூம் என்று பெயர். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். சுற்றிலும் கதவு, தரையில் ரப்பர் விரிப்பு, வாசலில் மண் வாளி, தண்ணீர் வாளி, பூமிக்குள் இறக்கிய ஒரு செம்புத் தகடு. உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதினி, பேச்சியம்மா அக்கா, கனி, நான். இதுதான் எங்கள் ரூம். அட்டைக் குழாயில் மருந்தைப் போட்டு, மரக்கட்டையால் அழுத்தி, அரைச் சுற்றுத் திருகி, கட்டையை எடுக்க வேண்டும். குத்தக் கூடாது, தட்டக் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மணிக்கட்டு எத்தனை தடவை திரும்பும் என்று யாரும் எண்ணிப் பார்த்தது கிடையாது.

மதினிக்கு ஒரு வியாதி உண்டு என்று நாங்கள் கேலி பேசுவோம். சோதனை போடுகிற வியாதி. கேட்டில் எங்களைச் சோதிக்க வேண்டியது வாட்ச்மேன். அவர் பொம்பளைகளைத் தொட்டா பார்க்க முடியும்? "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு விட்டுவிடுவார். அசல் சோதனை ரூம் வாசலில் நடக்கும். கொண்டை ஊசி, சேலை ஊக்கு, மெட்டி, செல்போன் ஒன்றும் தப்பாது. முந்தியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். நைலான் கலந்திருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். பருத்திச் சேலை, அதற்கு மேலே வீட்டு ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டை. அதுதான் எங்களுக்கு உடுப்பு.

நான் அந்த ரூமுக்கு வந்த முதல் நாளே பிடித்துவிட்டார்.

"ஏட்டி மாரி, ரவிக்கைக்குள்ள என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல மதினி."

"ஒண்ணுமில்லாததுக்கா அங்கன பொடச்சிக்கிட்டு நிக்கி? எடு வெளிய."

கொக்கி அறுந்துபோனதற்காகக் குத்திய ஒரு ஊக்கு. "உள்ள இருக்கு, யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?" என்று நான் வாயாடினேன். அந்த வயதில் எனக்கு வாய்தான் சொத்து.

"நீ செத்தா ஒங்க ஆத்தா அழுதுட்டுப் போறா. ஒன்னால நான் செத்தா எம்மவ அழணும். ஊக்கக் குடுத்துட்டு உள்ள போ," என்றார். குரல் ஏறவே இல்லை. அன்று முழுக்க நான் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

இன்னொரு நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரியையே வாசலில் நிறுத்திவிட்டார். அவருடைய ஷூவுக்கு அடியில் ஆணி இருந்தது. "ஐயா, அதக் கழட்டிட்டு வாங்க." மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. அதிகாரி குனிந்து கழற்றினார். இரண்டு காலுறையிலும் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு மருந்துத் தட்டைப் பார்த்தபடி இருந்தோம். மதினி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதிகாரியின் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று பேச்சியம்மா அக்காதான் எனக்குச் சொன்னாள். மதினியின் கூடப் பிறந்த அக்காவும் இதே கம்பெனியில் மருந்து ரூமில்தான் இருந்தாளாம். ஒரு நாள் மத்தியானம் அந்த ரூம் போய்விட்டது. நாலு பேரில் ஒருத்திகூட மிஞ்சவில்லை. என்ன காரணம் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. ஊக்காக இருக்கலாம், வளையலாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரியாததால் மதினி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்து ரூமில் ஒருத்தி உட்காருகிற இடம் அந்த வீட்டுக்கு உரியது. அவள் நின்றுவிட்டால் அந்த வீட்டிலேயே இன்னொருத்தியைக் கூப்பிடுவார்கள். தெரிந்த கை, பக்குவமான கை என்று ஒரு நம்பிக்கை. கூலியும் லேபிள் ஒட்டுகிற வேலையை விடக் கூடுதல் என்பதால் வீட்டில் உள்ளவர்களும் இடத்தை விட மாட்டார்கள். மதினி அப்படித்தான் வந்தார். அக்காளின் கருமாதி முடிந்ததும் போர்மேன் வீட்டுக்கே வந்து, பாவம் என்று கூப்பிட்டாராம். அப்போது மதினிக்குக் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் பிற்பாடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அம்மா எப்போது நிற்பாள், நாம் எப்போது போகலாம் என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் கம்பெனிக்குப் போய்ச் சம்பாதித்து, புது போன் வைத்திருக்கிறார்களாம். மேலே படிக்க வை என்று அந்தப் பெண் கேட்கவில்லை. மதினிதான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா இருந்த எடத்துல நான் இருக்கேன். எனக்கப்புறம் அங்கன எம்மவ உக்காரக் கூடாது மாரி. அதுக்காவ எம்புட்டு நாளானாலும் நான் எந்திரிக்க மாட்டேன்," என்று ஒரு தடவை வேனில் என்னிடம் சொன்னார். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகப் பட்டது.

அந்த வருஷம் தீபாவளி சீசன் சூடு பிடித்தபோதுதான் நான் முதலில் கவனித்தேன். காலையில் வேனில் ஏறியதும் மதினி வலது கையை உதறுவார். ஈரக் கையை உதறுகிற மாதிரி நாலைந்து தடவை.

"என்ன மதினி, கை வலிக்கா?"

"இல்லடி. படுத்ததுல மரத்துப்போச்சி."

மறுநாளும் மரத்துப்போனது. அதற்கு மறுநாளும். ஒரு நாள் டீ கிளாஸை வாங்கும்போது விரலுக்கு நடுவிலிருந்து நழுவி விழுந்தது. "சூடுடி," என்றார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. சட்டைப் பொத்தானை இடது கையால் போட ஆரம்பித்தார். சோறு பிசையும்போது மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் வேலை செய்தன. மருந்து ரூமில் கட்டையை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தினார். திருகுகிற நேரத்தில் ஒரு கணம் கண்ணை மூடுவார்.

அந்தக் கட்டை நழுவினால் நாலு பேரும் போய்விடுவோம். ஆனால் யாரிடம் சொல்ல? சோதனை போடுகிறவரைப் போய் நான் சோதனை போடவா? அந்த நாட்களில் என் வேலை பாதியாகக் குறைந்தது. ஒரு குழாய் செலுத்துவேன், நிமிர்ந்து அந்தக் கையைப் பார்ப்பேன். இன்னொன்று, மறுபடி பார்ப்பேன். "ஏ புள்ள, எங்கன பராக்குப் பாக்க? மெல்ல. மெல்லன்னா மெல்ல," என்று மதினியே என்னை அதட்டுவார். மெல்ல என்பது அவர் நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல்.

அப்புறம் திடீரென்று அவர் கை சரியானது போல இருந்தது. உதறுவது குறைந்தது, கட்டை நேராக நின்றது. அப்பாடா என்று நானும் ஒரு வாரத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்து மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். நான் செம்புத் தகட்டைத் தாண்டும்போது பின்னால் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. எதையோ பிய்க்கிற சத்தம். திரும்பினேன். மதினி சட்டையின் முழுக்கைக்குள் விரலை விட்டு எதையோ தளர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கினார்.

மெடிக்கல் கடைகளில் தொங்குமே, மணிக்கட்டில் மாட்டுகிற கறுப்புப் பட்டை, அது. ஒட்டினால் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் சத்தம் போடுகிற நைலான். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடங்காமல் இருக்க நீளமாக ஒரு இரும்புத் தகடு. முந்தியைத் தேய்த்துப் பார்த்து எங்களைத் திருப்பி அனுப்புகிற மதினி, நைலானையும் இரும்பையும் கட்டிக்கொண்டு மருந்துத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"மதினி, அப்படியே வெளிய வாங்க," என்றேன். அவர் எழுந்து வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடுங்காத குறையாக இழுத்து, பட்டையைக் கழற்றினேன்.

"எத்தன நாளா?"

"பதினோரு நாளு."

"பதினோரு நாளு! என் ஊக்கப் புடுங்குனீகளே, ஞாவகம் இருக்கா? கனிக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைக, அது ஞாவகம் இருக்கா? ஒங்க அக்காவ நெனச்சுப் பாத்தீகளா?"

அக்காவைச் சொல்லியிருக்கக் கூடாது. கோபத்தில் வந்துவிட்டது. மதினி தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "தெரியும்டி. உள்ள உக்காந்திருக்க நேரம் பூரா தெரியும். இது இல்லாட்டா கட்ட நிக்க மாட்டேங்கு. கட்ட விழுந்தாலும் சாவு, இத மாட்டுனாலும் சாவு. எது கொறச்சல்னு பாத்தேன்." பிறகு, "போர்மேன்ட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. சொன்னால் மதினியை அன்றைக்கே எழுப்பிவிடுவார்கள், அடுத்த திங்கட்கிழமை அந்த இடத்தில் மகள் உட்காருவாள் என்பதும் எனக்குத் தெரியும். பட்டையைச் சுருட்டி என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். "ஞாயித்துக்கெழம டாக்டர்ட்ட வாரீக. வரலன்னா சொல்லுவேன்," என்றேன். அதை ஒரு பெரிய தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் இந்த டாக்டரம்மாவிடம் முதல் முதலாக வந்தேன். அவர் மதினியின் இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்கும்படி மடக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் பிடித்தால் போதுமாம். பாதிகூட ஆகவில்லை, மதினி பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார். மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து இருக்கிறது, அதற்குள் விரலை மடக்குகிற நாரெல்லாம் ஓடுகிறது, கூடவே ஒரு நரம்பும் ஓடுகிறது என்று டாக்டரம்மா தன் கையிலேயே தொட்டுக் காட்டினார். ஓயாமல் அழுத்தித் திருகினால் அந்த நார்கள் வீங்கி நரம்பை நெரிக்கும். அந்த நரம்பு போகிற விரல் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் காலையில் இன்னும் மோசம். தூங்கும்போது மணிக்கட்டு நேராக இருக்கும்படி கட்டிக்கொள்ள வேண்டும், சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

"எல்லாத்தையும் விட முக்கியம், ஆறு வாரத்துக்கு இந்த அழுத்தித் திருகுற வேலை கூடாது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வற்ற ஆரம்பிச்சிருச்சு, பாருங்க. இனி தாமதிச்சா ஆபரேஷன்தான்."

"தைலம் எதுவும் இல்லியாம்மா?" என்று மதினி கேட்டார்.

"வலிக்குத் தைலம் தரலாம். உணர்ச்சி போறதுக்குத் தைலம் கிடையாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறு வாரம் அந்த இடம் காலியாகக் கிடக்குமா? சீசனில் ஆறு நாள்கூடக் கிடக்காது. எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. பெரிய வெடிக்கு வைக்கிற தடித்த அட்டைக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்து, உள்ளே பழைய வேட்டித் துணியை மெத்தையாக வைத்து ஒட்டி, பருத்தி நாடாவால் கட்டுகிற மாதிரி ஒரு தாங்கு செய்தேன். இரும்பு இல்லை, நைலான் இல்லை. மருந்து ரூமுக்கு வருவதற்கு முன்பு நான் குழாய் சுற்றுகிற வேலையில் இருந்தவள். அது அவர் மணிக்கட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. தூங்கும்போதும் வேனிலும் அதைக் கட்டிக்கொண்டார். வேலையின்போது கட்ட முடியாது, பட்டையை விடத் தடிமன், கட்டினால் திருக முடியாது. அவர் பங்கில் பாதிக் குழாயை நான் யாருக்கும் தெரியாமல் என் பக்கம் இழுத்துச் செலுத்தினேன். பேச்சியம்மா அக்காவும் கனியும் ஒன்றும் அறியாமல் சீசனுக்கு என்ன சேலை எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரத்தில் காலை நேர மரமரப்பு கொஞ்சம் குறைந்தது என்றார். நான் காற்றில் மிதந்தேன். டாக்டரை விடப் பெரிய டாக்டர் ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் சரியான வெயில். தட்டில் மருந்து பாதி இருந்தது. மதினி கட்டையைக் குழாயிலிருந்து எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது, கட்டை மட்டும் விழுந்தது. மருந்துத் தட்டின் விளிம்பில் பட்டு, தட்டு ஒரு பக்கம் எழும்பி அவர் முழங்காலில் சாய்ந்து நின்றது. ரப்பர் விரிப்பில் மருந்து மெல்லிசாகச் சிந்தியது.

ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று மூளைக்குத் தெரிய எனக்கு ஒரு யுகம் ஆனது.

"எந்திரிங்க," என்றார் மதினி. "ஓடாதீக. சேலையத் தூக்கிக்கிட்டு, மெல்ல. காலத் தேய்க்காம நடங்க."

நாங்கள் மூன்று பேரும் மூன்று கதவு வழியாக வெளியே போனோம். அப்புறம்தான் பார்த்தேன், மதினி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முழங்காலில் சாய்ந்திருக்கிற தட்டு கவிழும். இடது கையால் விளிம்பைப் பிடித்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அந்தக் கையால் தட்டின் மறுபக்கத்தைப் பிடிக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. என்னைப் பார்த்து, போ போ என்று தலையை ஆட்டினார்.

நான் தைரியசாலி இல்லை. வேலியைத் தாண்டி ஓடவேண்டும் என்றுதான் கால் சொன்னது. ஆனால் பட்டையைப் பைக்குள் மறைத்தவள் நான், தாங்கு செய்து கொடுத்தவள் நான். செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். சிந்திய இடத்தை மிதிக்காமல் சுவரோரமாகப் போனேன். தட்டின் மறுபக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "மெல்ல," என்றார். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. தட்டைத் தூக்கி, தரையில் சிந்தாத பக்கமாக வைக்கிற வரைக்கும் இரண்டு பேரும் கண்ணைச் சிமிட்டவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தோம். வெளியே வந்ததும் நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

கட்டை கை தவறிவிட்டது, எல்லோருக்கும் ஆவதுதான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். போர்மேன் ஆள் வைத்து ரூமைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு எங்களை அன்றைக்கு லேபிள் ஒட்ட அனுப்பினார். மதினி ஒரு லேபிள்கூட ஒட்டவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வழுக்குச்சின்னே தெரியல மாரி. நான் புடிச்சிருக்கேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். கீழ விழுந்த சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரியும்."

நான் அவர் பங்கு லேபிளையும் என் பக்கம் இழுத்து ஒட்டினேன்.

"அந்தப் பட்டைய எங்கன வச்சிருக்க?"

"வீட்டுலதான் கெடக்கு."

"நாளைக்கிக் கொண்டா."

இனி வீட்டில் இருந்து கையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார், அதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வேனைவிட்டு இறங்கியதும் பட்டையைக் கொடுத்தேன். கேட்டுக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்கிற நேரம் அது. மதினி நேராகப் போர்மேன் முன்னால் போய் நின்று, எல்லோரும் பார்க்க அதைக் கையில் மாட்டி, சர்ரென்று பிரித்தார். பல்லால் தையலைக் கடித்து உள்ளேயிருந்த இரும்புத் தகட்டை உருவி அவர் கையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இத நான் பதினோரு நாளு மருந்து ரூமுக்குள்ள போட்டிருந்தேன்."

"வெளையாடாதீக மதினி."

"வெளையாடல. கை செத்துப்போச்சி. அத மறைக்கதுக்குப் போட்டேன். நேத்துக் கட்ட விழுந்ததும் அதாலதான். யாருக்கும் தெரியாது. நான் மட்டுந்தான்."

யாருக்கும் தெரியாது என்று சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாய் திறக்கவில்லை. ஊக்குக்கு வாதாடிய வாய், அங்கே ஒட்டிக்கொண்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பேச்சியம்மா அக்கா குனிந்து இரண்டு கை மண்ணை வாரினாள். "பாவி! எம்பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதானடி! எங்கள எல்லாம் தடவித் தடவிப் பாத்துட்டு நீ இரும்போடயா உக்காந்திருந்த? ஒங் குடும்பம் வெளங்குமா?" மண் மதினியின் தலையிலும் முகத்திலும் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. கனி உட்கார்ந்து அழுதாள். அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அத்தனை வருஷம் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருத்திக்கும் அன்றைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது.

போர்மேன் அந்த இரும்புத் தகட்டை மண்ணில் எறிந்தார். "ஒங்க வீட்டுக் கைன்னா கண்ண மூடிக்கிட்டு எடுப்போமே மதினி. இனிமே நீக இல்ல, ஒங்க வீட்டாளு ஒருத்தர்கூட இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கப்படாது. அக்கம்பக்கத்துக் கம்பெனிக்கெல்லாம் சொல்லி வச்சிருவேன், ஆமா."

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் மதினி. "மறக்காமச் சொல்லுங்க."

வேனில் ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்து, ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் தடுத்த வாட்ச்மேனைத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். முள் மரங்களுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

"எதுக்கு மதினி இப்படி? கை முடியலன்னு மட்டும் சொல்லியிருந்தா எல்லாரும் கும்பிட்டு அனுப்பியிருப்பாகளே."

மதினி முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை இப்போதுதான் துடைத்தார். இடது கையால். "கை முடியலன்னு சொன்னா, பாவம்னு நாளைக்கே எம்மவளக் கூப்பிட்டு விட்டுருப்பாகடி. அவளும் வந்து உக்காந்திருப்பா. இனிமே அந்த வீட்டாளுன்னு சொன்னாலே ஒருத்தனும் கேட்டத் தொறக்க மாட்டான்." அவர் குரலில் அழுகை இல்லை. "நீ உள்ள போ. ஒன்னத் தேடுவாக."

அவர் சொன்னது மாதிரியே நடந்தது. அந்தப் பெண் அம்மாவோடு பேசாமல், பிடிவாதமாகத் தானே கிளம்பி, சாத்தூர் வரைக்கும் மூன்று கம்பெனிகளில் போய் வேலை கேட்டாள். மூன்று இடத்திலும் யார் மகள் என்று விசாரித்துவிட்டு, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.